டிபெண்டென்ட் என்றால் தொங்குவது

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கியவள். நான்கு நான் பெற்றது. ஒன்று என் தங்கை பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடியது. இதைப் பிரித்துச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. எழுத்தில் வருவது சரியாக இருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை இருந்தேன். மிச்சம் படித்ததெல்லாம் பஸ் போர்டிலும், பம்மல் தோல் கம்பெனியில் கட்டுக்குக் கட்டு தைத்திருந்த சீட்டிலும்தான். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். பரவாயில்லை. இரண்டு மாதமாக என்னிடம் மத்தியானம் நிறைய இருக்கிறது.

நான் இருப்பது இரும்புலியூரில், என் கடைசி மகன் வாங்கிய ஃபிளாட்டில். நாலாவது மாடி. பால்கனியில் நின்றால் ஜி.எஸ்.டி. ரோடு தெரியும். பல்லாவரம் பக்கம் போகும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவது தெரியும். புறா வரக்கூடாது என்று பால்கனிக்கு வலை கட்டியிருக்கிறார்கள். வலைக்கு இந்தப் பக்கம் நான் நிற்பேன், அந்தப் பக்கம் ஏசிப் பெட்டியின் மேல் புறா நிற்கும். அது பாட்டுக்கு வரும், போகும்.

மகனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவன் நல்ல பிள்ளை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் பெரிய வேலை. மருமகள் டீச்சர். பேத்தி காலேஜில் இங்கிலீஷ் படிக்கிறாள். ஏழரை மணிக்கு மூன்று பேரும் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் நானும் ஃபிரிட்ஜும்தான் பேசிக்கொண்டிருப்போம். அது உறுமும், நான் அடங்கு என்பேன்.

புதன்கிழமை மட்டும் நான் வீட்டில் இருக்கமாட்டேன். புதன்கிழமை பம்மலுக்குப் போவேன். அங்கே எனக்கு ஒருத்தி இருக்கிறாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். தோல் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் அவளும் நானும் ஜோடி. ஊறின தோலை ஒருத்தியால் தூக்க முடியாது. கழுத்துப் பக்கம் அவள் பிடிப்பாள், வால் பக்கம் நான் பிடிப்பேன், ஒரே மூச்சில், காயப் போடுகிற நீளக் கொம்பின் மேல் போடுவோம். மூச்சு மாறினால் தோல் யார் பக்கம் சரிகிறதோ அவள் நனைவாள். அதனால் சண்டை போட்ட நாளில்கூட ஒன்றாகத்தான் மூச்சு விட்டோம்.

இப்போது அவளுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு வரும், மெதுவாக வரும். ஒரே மகள், தைக்கும் பட்டறைக்குக் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். வேளைக்குச் சோறு பக்கத்து வீட்டம்மா ஊட்டிவிடுகிறாள். தலை மட்டும் என் பொறுப்பு. அவளுக்கு அந்த வயதிலும் இடுப்புக்குக் கீழே முடி. வெள்ளை வெளேரென்று இருக்கும், ஆனால் அடர்த்தி குறையவில்லை. வாராவாரம் எண்ணெய் வைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டி, சிக்கெடுத்துப் பின்னிவிட்டு வருவேன். வேறு யார் சீப்பை எடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அப்படி ஒரு புதன்கிழமை திரும்பி வரும்போது பம்மலில் ஷேர் ஆட்டோவில் ஏறக் கால் வைத்தேன், தலை சுற்றியது, விழுந்தேன். முழங்கை சிராய்த்தது, நெற்றியில் ஒரு புடைப்பு. அவ்வளவுதான். ஆட்டோக்காரர் என் பட்டன் போனில் முதலில் இருந்த நம்பருக்கு அடித்தார். அது மகன் நம்பர். சாப்பாட்டு வேளை என்பதால் போன் அவன் கையில் இருந்தது. கம்பெனியிலிருந்து எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தான் என்று தெரியவில்லை. சட்டை பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் குழந்தைபோல அழுதான். பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாம் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, உள்ளே பெருமையாகவும் இருந்தது.

அடுத்த புதன்கிழமை பையை எடுத்துக்கொண்டு கீழே போனேன். கேட்டில் செக்யூரிட்டி தம்பி, செய்யூர் பக்கத்து ஆள், நாற்பது வயது இருக்கும், எழுந்து நின்றார். கையில் இருந்த தட்டுபோன்ற போனைத் தடவினார்.

"எம்மா, ஒரு நிமிசம். அப்ரூவல் கேக்குது."

"யார் கிட்ட கேக்குது?"

"சார் கிட்டதாம்மா. உங்களைத் தனியா வுடறதுன்னா சார் ஓகே பண்ணணும்."

"நான் சார பெத்தவப்பா."

"தெரியும்மா. எனக்குத் தெரியும். இதுக்குத் தெரியலையே" என்று போனைக் காட்டினார். "பெண்டிங்னே நிக்குது பாருங்க."

மகன் கம்பெனியில் உள்ளே போகும்போது போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் எடுப்பான். நான் கேட் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் பன்னிரண்டரை வரை உட்கார்ந்திருந்தேன். பையில் எண்ணெய்ப் பாட்டில் வெயிலில் சூடாகிவிட்டது. அப்புறம் மகன் போன் பண்ணினான். "அம்மா, மேல போம்மா, ப்ளீஸ். ஞாயித்துக்கிழமை நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்" என்றான். மேலே வந்துவிட்டேன்.

இந்தச் சட்டம் எனக்காக மட்டும் வந்தது இல்லை. பி பிளாக்கில் ஒரு பெரியவர். வாத்தியாராக இருந்தவர், ஞாபகம் தப்பிவிட்டது. ஒருநாள் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து சிங்கப்பெருமாள் கோவில் படியில் உட்கார்ந்திருந்தவரைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு அசோசியேஷன் கூடிப் பேசி, கேட்டில் யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்க்கிற ஆப்பில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பூட்டு போட்டார்கள். நான் விழுந்த மறுநாள் என் மகனும் என் பெயரை அந்தப் பட்டியலில் ஏற்றிவிட்டான். என்னிடம் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னபடி கூட்டிக்கொண்டு போனான். ஒரே ஒரு தடவை. பம்மல் தெருவில் கார் நிறுத்த இடம் இல்லை. எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். பின்னால் லாரி ஹாரன் அடித்தது. பத்து நிமிஷத்தில் கூப்பிட்டுவிட்டான். பத்து நிமிஷத்தில் அவ்வளவு முடிக்கு எண்ணெய்கூட இறங்காது. சீப்பை அவள் மடியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணம் வந்தது, சளி வந்தது, கார் சர்வீசுக்குப் போனது.

மூன்றாவது புதனோ நாலாவது புதனோ, பேத்தியிடம் அந்த ஆப்பைத் திறந்து காட்டச் சொன்னேன். என் போட்டோ இருந்தது. தலையில் முக்காடு போட்டு, மாதா கோயிலிலிருந்து வந்த அன்று எடுத்தது. பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு சொல்.

"இது இன்னா எழுதிக்கீது எம் பேருக்குப் பக்கத்துல?"

"டிபெண்டென்ட், ஆயா."

"அப்டின்னா?"

"சார்ந்து இருக்கிறவங்க. அப்பாவை நம்பி இருக்கிறவங்கன்னு வெச்சுக்கோ."

"யாரு யார நம்பி?"

அவள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. ஒரு பெண்ணைப் பார்க்கப் போனால் தாய் வீடு எது, தாய்மாமன் யார் என்று விசாரிக்கிறோம். என் பெயர் பக்கத்தில் கூசாமல் வந்து உட்கார்ந்திருக்கிற இந்தச் சொல்லை மட்டும் விசாரிக்காமல் விடுவேனா?

"இதுக்குத் தாய் வூடு எது? பாத்து சொல்லு."

அவள் போனில் தேடினாள். படிப்பு அதுதானே, அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. காலை மடித்து என் கட்டில் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"லத்தீன்லேந்து வந்திருக்கு ஆயா. பெந்தேரேன்னா தொங்குறது. முன்னாடி தே சேத்தா, கீழ்நோக்கித் தொங்குறது. எதையாவது பிடிச்சுக்கிட்டுக் கீழ தொங்குறதுதான் டிபெண்ட்."

லத்தீன் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவளுக்கு அது புத்தகத்தில் இருக்கிற பாஷை. நான் காதால் கேட்டிருக்கிறேன். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பூசை முழுக்க லத்தீன்தான். சாமியார் நமக்கு முதுகைக் காட்டி நின்று சொல்லுவார். ஒன்றும் புரியாது, முழங்காலில் நிற்போம். பெரிய வெள்ளிக்கிழமை மறைத்து வைத்த சிலுவையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மூன்று தடவை பாடுவார்கள். இந்த மரத்தில் தொங்கினவரைப் பாருங்கள் என்கிற மாதிரி அதற்கு அர்த்தம் என்று உபதேசியார் சொல்லிக்கொடுத்தார். அதைச் சொன்னேன். பேத்தி மறுபடி தேடினாள். அவள் முகம் மாறியது.

"ஆமா ஆயா, அதுலயும் இதே வார்த்தைதான் இருக்கு."

நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். என் கழுத்துச் சங்கிலியில் இருக்கிற மாதா டாலரைத் தொட்டு, "இதை இங்கிலீஷ்ல பென்டன்ட்னு சொல்வாங்க. அதே குடும்பம்" என்றாள். வேலையிலிருந்து சஸ்பெண்ட் பண்ணுகிறார்களே, அதுவும் அதே குடும்பமாம், மேலே தூக்கித் தொங்கவிடுவது. கேட்டில் செக்யூரிட்டி தம்பி சொன்னாரே பெண்டிங் என்று, அதுவும்தான்.

"அப்போ கேட்டாண்ட தொங்கினு கீறது என் அப்ரூவலு, இங்க தொங்கினு கீறது நானா?"

"அப்படித்தான் ஆயா வருது" என்றாள் பாவம்.

"பென்ஷனு?"

"அதுக்கும் ஒட்டு உறவு இருக்கு. அந்தக் காலத்துல தராசைத் தொங்கவிட்டு எடை போட்டுத்தான் குடுப்பாங்களாம்."

"அந்தக் குடும்பத்துல அது ஒண்ணுதான் உருப்படி. அது மட்டும் என் வூட்டாண்ட வரவே இல்ல பாரு."

"முன்னாடி இன் போட்டா தொங்காததுன்னு ஆயிடும் ஆயா. இன்டிபெண்டென்ஸ். ஆகஸ்ட் பதினஞ்சுக்குக் கீழ கொடி ஏத்துறாங்களே."

"அன்னிக்கு கேட்டத் தெறப்பானுங்களா?"

அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் போன பிறகு அந்தச் சொல் போகவில்லை. தொங்குவது என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கில் தொங்கவிட்டிருக்கிறேன். கொம்பில் போட்ட தோல் முதல் நாள் சொட்டும். இரண்டாம் நாள் கனம் குறையும். அப்புறம் விறைக்கும். தட்டினால் பலகை மாதிரி சத்தம் வரும். தொங்குகிற தோலின் எந்த மூலையும் தரையில் படக்கூடாது. பட்டால் மேஸ்திரி திட்டுவார். அதுதான் அங்கே முக்கியம். நாலாவது மாடியில் ஈரத் துணி வைத்துத் துடைத்த டைல்ஸ் மேல் நடந்துகொண்டு, என் காலைப் பார்த்தேன். தரையில்தான் இருக்கிறது. ஆனாலும் தரை இல்லை.

ஏழாவது வாரம் பம்மலிலிருந்து போன் வந்தது. கூட்டாளியின் மகள்.

"சின்னம்மா, அம்மா தலை சிக்கு புடிச்சி கூடாட்டம் ஆயிடுச்சி. பேன் வேற உழுந்துகீது. நான் காத்தால போனா ராவுக்குத்தான் வூட்டுக்கு வர்றேன். எனக்கு எங்க நேரம்? கிராப் அடிச்சுடறேன்னா, கைய கடிப்பேன்னு சொல்லுது."

பின்னாலிருந்து இழுத்து இழுத்து ஒரு குரல் கேட்டது: "அவ வர்றாளான்னு கேளு. அவ வர்ற வரைக்கும் எவளும் தொடக் கூடாது."

"கேட்டுகினியா சின்னம்மா? வர்ற புதங்கெழம வரைக்கும் பாக்கறேன். அப்பால கத்திரிதான். என்னத் திட்டாத."

நான் திட்டவில்லை. எந்த வாயால் திட்டுவது? அவளுக்கு இரண்டு கை. அந்த இரண்டு கையும் பட்டறைக்குப் போய்விடுகிறது. அந்த முடியைக் கத்திரித்துவிட்டால் கூட்டாளிக்கு எது மிச்சம் என்று யோசித்தேன். ஒரு பக்கம் கை போய்விட்டது, கால் போய்விட்டது, அவள் பெருமை எல்லாம் தலையில்தான் இருந்தது. இளவயதில் வேலை முடிந்து குழாயடியில் தலையை அவிழ்ப்பாள். தோல் நாற்றம் போக அவள் சீயக்காய் தேய்ப்பதைப் பார்க்கக் கூட்டம் நிற்கும். "டிக்கெட்டு வாங்கினு பாருங்கடி" என்பாள்.

மகனிடம் சொன்னேன். "இந்த வாரம் ஆடிட் இருக்கும்மா. அடுத்த வாரம் கண்டிப்பா" என்றான். முடிதானே, வளர்ந்துவிடும் என்று மருமகள் மெல்லச் சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

கீழே போய்ச் செக்யூரிட்டி தம்பியிடம் நியாயம் கேட்டேன். காலை எட்டு மணி. வேலைக்கு வருகிற பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, தட்டில் ஆறு இலக்க நம்பரை அடித்துவிட்டு உள்ளே போனார்கள். ஒருத்தி ஒரு வீட்டு வேலையை முடித்துவிட்டு வெறுங்கையோடு வெளியே போனாள். யாரும் யாரையும் கேட்கவில்லை.

"இவங்கள எல்லாம் எப்டி வுடற?"

"அவங்களுக்கு நம்பர் கீதும்மா. வேலைக்கு வர்றவங்கன்னு வூட்டுக்காரங்க ஏத்திட்டா நம்பர் வந்துடும். வரலாம், போலாம். உங்களுக்குத்தான் நம்பர் இல்ல."

அவர் தெரியாமல்தான் சொன்னார். நான் லிஃப்ட்டில் ஏறுவதற்குள் முடிவு பண்ணிவிட்டேன்.

நான் ஒரு வீட்டில் பத்துப் பாத்திரம் தேய்த்தவள் இல்லை. இது என் பெருமை. என் வீட்டுக்காரர் இறந்துபோனபோது கடைசிப் பிள்ளைக்கு ஐந்து மாதம். எத்தனையோ பேர் எத்தனையோ வீட்டைக் காட்டினார்கள். நாற்றமடித்தாலும் கம்பெனி வேலைதான் செய்வேன், இன்னொருத்தி அடுக்களையில் போய் நிற்கமாட்டேன் என்று இருந்துவிட்டேன். அந்த நான், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பேத்தியைக் கூப்பிட்டு, "என்ன வேலக்காரின்னு ஏத்து" என்றேன்.

"ஆயா! அப்பா என்னைக் கொன்னுடுவார்."

"உங்கப்பன நான் பாத்துக்கறேன். இன்னா இன்னா வேல கீது அதுல?"

அவள் படித்தாள். பாத்திரம் தேய்ப்பவர், சமையல், டிரைவர், கார் துடைப்பவர், பேப்பர் போடுபவர்.

"சமையல்னு போடு. பொய் இல்லையே. காலையில ரசம் நான்தான வெச்சேன்."

அவள் விரல் கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு அதே முக்காடு போட்ட போட்டோவை ஏற்றினாள். ஆறு இலக்க நம்பர் வந்தது. ஒரு சீட்டில் பெரிதாக எழுதிக்கொடுத்தாள். அதை நான் மனப்பாடம் பண்ணினேன், ஜெபம் மாதிரி.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த நம்பரை அடித்தேன். செக்யூரிட்டி தம்பி தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார்.

"எம்மா... குக்குன்னு வருதே."

"வரட்டும். வுடலாம்னு சொல்லுதா, வுடக்கூடாதுன்னு சொல்லுதா?"

"வுடலாம்னுதான் சொல்லுது."

"அப்ப தெற."

கை பட்டனுக்குப் போயிற்று, நின்றது. அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "பையக் காட்டணும்மா. வேலைக்கு வர்றவங்க வெளிய போனா பையப் பாக்கணும். மேல கேமரா கீது."

இதை நான் நினைக்கவில்லை. நாள் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற பெண் இந்த இடத்தில் நின்று பையைத் திறக்கிறாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். திறந்தேன். தேங்காயெண்ணெய்ப் பாட்டில், பெரிய சீப்பு, பேன் சீப்பு, ஒரு பழைய துண்டு, சின்ன டிபன் கேரியரில் ரசம் சாதம்.

"சாப்பாடு வெளிய எடுத்துனு போனா வூட்டுக்காரங்க எழுதித் தரணும்மா."

"நான் ஆக்குன ரசம்பா அது. எம் புள்ள வூட்டு அரிசி."

"தெரியும்மா" என்றார். அழுதுவிடுவார் போல இருந்தது. நோட்டை எடுத்து அவரே எழுதினார்: ரசம் சாதம் ஒன்று, எண்ணெய் ஒன்று, சீப்பு இரண்டு, துண்டு ஒன்று. கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஐந்து பிள்ளைகளுடைய பள்ளிக்கூட அட்டையில் எல்லாம் போட்ட கையெழுத்து. அதை அங்கேயும் போட்டேன். கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

கூட்டாளி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பவில்லை.

"இன்னாடி, மகாராணிக்கு இப்பதான் வழி தெரிஞ்சிதா?"

"கேட்டாண்ட புடிச்சு வெச்சுகினானுங்கடி."

"நீ இன்னா திருடுன?"

"ரசம் சாதம்."

அவளுக்குச் சிரிப்பு ஒரு பக்கம்தான் வரும். அது வந்தது. தலையைத் தொட்டுப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கக் கல் மாதிரி கட்டியிருந்தது. சீப்பு போகாது. எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி ஊற்றி ஊறவைத்து, விரலால் ஒவ்வொரு இழையாகப் பிரித்தேன். வலிக்குதா என்றால், "வலது பக்கம் இழு, அங்க ஒண்ணும் தெரியாது" என்றாள். பதினொன்றிலிருந்து மூன்று வரைக்கும் உட்கார்ந்தேன். வலது பக்கம் முழுக்கப் பிரித்து, தேய்த்து அலசி, பின்னி முடித்தேன். இடது பக்கம் அப்படியே இருக்கிறது.

"பாதி தலயோட வுட்டுட்டுப் போறியேடி, பாக்கறவ சிரிப்பாளுங்க."

"வர்ற புதங்கெழம மிச்சம். உம் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், அதுவரைக்கும் கத்திரி எடுக்க மாட்டா. எங்கியும் ஓடிப் போயிடாத."

"ஓடறதப் பாரு" என்று தன் காலைக் காட்டினாள்.

இதற்குள் கம்பெனியில் என் மகன் சாப்பாட்டுக்குப் போனை எடுத்திருக்கிறான். உங்கள் வீட்டுச் சமையல்காரர் ஒன்பது மணிக்கு வெளியேறினார் என்று வந்திருக்கிறது. மருமகளுக்குப் போன் போட்டு, "எப்ப சமையலுக்கு ஆள் வெச்ச, என்கிட்ட சொல்லவே இல்ல?" என்று கேட்டிருக்கிறான். அவள் பள்ளிக்கூடத்தில் ஆப்பைத் திறந்தால், முக்காடு போட்டுக்கொண்டு நான்.

சாயங்காலம் மகன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோபா முனையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"அம்மா, இது அசோசியேஷன் முழுக்கத் தெரியும்மா. என் அம்மாவை நான் வேலைக்காரியா வெச்சிருக்கேன்னு."

"வேலக்காரி வெளிய போயிட்டு வர்றாளேடா."

"திரும்ப விழுந்தா? அன்னிக்கு அந்த போன் வந்தப்போ சாப்பாட்டை அப்படியே விட்டுட்டு ஓடி வந்தேம்மா. யாரோ ஒருத்தர் உன் போன்லேந்து பேசுறார். நான் என்னன்னு நெனச்சேன் தெரியுமா?"

தெரியும். எனக்குத் தெரியாதா? அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவன் போனை எடுத்து அந்த நம்பரை அழித்துவிட்டான். பேத்தியின் கையிலிருந்தும் ஆப்பில் சேர்க்கிற அதிகாரத்தை எடுத்துவிட்டான். என் பெயர் பழைய இடத்துக்கே போய்விட்டது. மறுபடியும் டிபெண்டென்ட்.

அன்று சொல்லாத பதிலைத்தான் நான்கு மத்தியானமாக இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். நேரில் சொன்னால் அவன் அழுவான், நானும் விட்டுவிடுவேன்.

மகனே, உனக்கு இது ஞாபகம் இருக்காது. உன்னை வீட்டில் விட ஆள் இல்லாமல் கம்பெனிக்குத் தூக்கிக்கொண்டு போவேன். தோல் காயப் போடுகிற கொம்பிலேயே, ஓரமாக, என் பழைய புடவையில் தூளி கட்டி உன்னைப் போடுவேன். இந்தப் பக்கம் தோல் தொங்கும், அந்தப் பக்கம் நீ தொங்குவாய். போகும்போது ஒரு ஆட்டு, வரும்போது ஒரு ஆட்டு. இந்த இங்கிலீஷ் சொல் அன்றைக்கு உனக்குத்தான் பொருந்தும். அதில் ஒரு கேவலமும் இல்லை. தூளியில் கிடந்தது உனக்கும் நன்றாக இருந்தது, எனக்கும் நன்றாக இருந்தது. ஆனால் ஒருநாள் நீ தூளியிலிருந்து காலை வெளியே நீட்டித் தரையைத் தேடினாய். என் கூட்டாளிதான் பார்த்தாள். "எறக்கி வுடுடி அவன" என்றாள். கீழே ஈரம், சுண்ணாம்பு, வழுக்கும். எனக்குப் பயம்தான். இறக்கிவிட்டேன். அன்றைக்கே விழுந்தாய், தாடை கிழிந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது, ஷேவ் பண்ணும்போது நீயே பார்ப்பாய். தையல் பிரித்த மறுநாள் உன்னை மறுபடி தூளியில் போட்டேனா? போடவில்லை. புடவையை அவிழ்த்து எடுத்துவிட்டேன். நீ தோலுக்கு நடுவில் ஓடுவாய், நாங்கள் இரண்டு பேரும் வேலையைப் பார்த்துக்கொண்டே உன் காலையும் பார்ப்போம்.

நான் விழமாட்டேன் என்று உனக்கு எழுதிக்கொடுக்க முடியாது. ஆட்டோவில் ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். போனதும் ஒரு போன், கிளம்பும்போது ஒரு போன். கையில் உன் நம்பர் எழுதின சீட்டு. இதெல்லாம் செய்கிறேன். வேலைக்காரி என்று வேண்டாம் என்றால் வேண்டாம், எனக்கும் அது இனிக்கவில்லை. அந்தப் பட்டியலில் எனக்கு என்ன பெயர் வைப்பாய் என்பது உன் பாடு. புதன்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் நடுவில் இருக்கிறது. அங்கே ஒருத்தி பாதித் தலையோடு படுத்திருக்கிறாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து சாப்பிட்டாயிற்று. மகன் ஹாலில் பேப்பர் பார்க்கிறான், டிவி ஓடவில்லை. பேத்தியைக் கூப்பிட்டு நோட்டைக் கொடுக்கப் போகிறேன்.

வாடி கண்ணு, இங்க வந்து குந்து. எழுத்து கோணலா இருக்கும், நீ நேராக்கிப் படி. முதல்லேந்து படி, எதையும் வுட்டுடாத, ரசம் சாதம் உட்பட. கதவ சாத்தாத. நல்லா தெறந்து வை. சத்தமா படிம்மா.